மலை ஓணானுக்கு யார் சாட்சி?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே போன சற்று நேரத்திற்கெல்லாம் கோவில் வேலியோரம் ஒரே கூச்சலாயிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் ஒன்றைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தான். மற்றவர்கள் கல் பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். "ஏனடா அதைக் கொல்லப் பார்க்கிறாய்?" என்று கேட்டேன். "சும்மாதான் சாமி" என்றான். சர்வேசுரன் சகலத்தையும் உண்டாக்கினார் என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் அதே வாயால் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் ஒப்பித்திருந்தான். அந்தச் 'சகலத்தில்' ஓணானும் அடக்கம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனைச் சொல்லி என்ன பயன்? பெரியவர்களாகிய நமக்கே அது தோன்றுவதில்லை.

ஆகையால் இந்த வாரம் ஊர்வனவற்றைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல வந்தேன். "பல்லிக்கும் பாம்புக்குமா சாமி பிரசங்கம்?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால், நிலத்தில் ஊரும் பிராணிகளைச் சர்வேசுரன் ஆறாம் நாளில் உண்டாக்கினார் என்றிருக்கிறது. மனிதனை உண்டாக்கியதும் அதே ஆறாம் நாளில்தான். நமக்கும் ஓணானுக்கும் பிறந்த நாள் ஒன்று! அதை உண்டாக்கிய பின்னும் அவர் பார்த்தார், நல்லதென்று கண்டார். ஜலப்பிரளயம் வந்தபோது நோவாவின் பெட்டகத்தில் ஆடு மாடுகளுக்கு மாத்திரம் இடம் கொடுக்கச் சொல்லவில்லை, ஊர்வனவற்றுக்கும் இடம் கொடுக்கச் சொன்னார். வெள்ளம் வடிந்தபின் உடன்படிக்கை செய்தபோதும் நோவாவோடு மாத்திரம் செய்யவில்லை. அவனோடு பெட்டகத்தை விட்டு இறங்கிய சகல ஜீவராசிகளோடும் செய்தார். நீதிமொழி ஆகமத்தின் முப்பதாம் அதிகாரத்தில், உருவத்தில் சிறியவையானாலும் ஞானத்தில் பெரியவை என்று நான்கு பிராணிகளின் பெயர் சொல்லியிருக்கிறது. எறும்புக்கும் வெட்டுக்கிளிக்கும் பக்கத்தில் அங்கே பல்லியும் நிற்கிறது. கையால் பிடித்துவிடக் கூடிய அற்பப் பிராணி, ஆனால் அரசர் மாளிகையில் வாசம்பண்ணுகிறதாம். நம் வீட்டுச் சுவரில் இருப்பதைப் பற்றி நாம் இவ்வளவு மரியாதையாய் நினைத்ததுண்டா?

"பாம்பு சபிக்கப்பட்டதல்லவா? தேவமாதா அதன் தலையை மிதித்திருக்கிறார்களே!" என்று கேட்பவர்கள் உண்டு. ஏலத் தோட்டத்தில் பாம்பை அடித்துப் போட்டவர், ஏதோ புண்ணியம் செய்தவர்போல் என்னிடம் வந்து சொன்னதுமுண்டு. தேவமாதாவின் பாதத்தின் கீழ் கிடப்பது பசாசு. தோட்டத்துச் சருகில் கிடக்கும் குழிவிரியன் அன்று. மோயீசன் வனாந்தரத்தில் வெண்கலப் பாம்பை உயர்த்தியதைச் சேசுநாதர் தம்முடைய சிலுவைக்கே அடையாளமாக எடுத்துப் பேசினார். தம்முடைய சீஷர்களுக்கு விவேகத்தில் பாம்பை முன்மாதிரியாகக் காட்டினார். இதற்கு மேல் பாம்புக்காக நான் வழக்காட வேண்டியதில்லை.

இனி மலைக்கு ஏறுவோம். உங்களில் பாதிப் பேருக்கு அது புதிய வழியல்ல. விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, முந்தல் தாண்டி, வளைவுக்கு வளைவு ஏறிப் போடிமெட்டில் போய் நிற்கிறீர்கள். முந்தலில் வேர்த்துக் கொட்டியவர்கள் மெட்டில் இறங்கும்போது துண்டை இழுத்துக் காதை மூடிக்கொள்கிறார்கள். காரணம் என்ன? நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெட்டு 1,300 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறைந்துபோகிறது. நமக்கு அது ஒரு துண்டு, ஒரு கம்பளி விஷயம். ஊர்வனவற்றுக்கோ அது உயிர் விஷயம். எப்படியென்று சொல்லுகிறேன்.

மனிதன் போடியில் நின்றாலும், பனி விழும் இமயமலையில் நின்றாலும் அவன் உடம்பின் சூடு ஒன்றுதான். உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. ஓணானுக்கும் பாம்புக்கும் அந்த அடுப்பு இல்லை. வெயிலில் காய்ந்து சூடேற்றிக் கொள்ள வேண்டும். சூடு மிஞ்சினால் நிழலுக்குப் போக வேண்டும். இரை தேடுவதும், ஜீரணிப்பதும், முட்டையிடுவதும் இந்தச் சூட்டின் அளவைப் பொறுத்தே நடக்கின்றன. நம் வேலியோரத்து ஓணான் சித்திரை வெயிலையும் தாங்கிப் பழகியது. ஆனால் மேலே சோலைக்காடுகளில் வேறொரு ஓணான் இருக்கிறது. கழுத்திலும் முதுகிலும் முள் வரிசை நிற்க, பாசி படர்ந்த கிளையில் மெதுவாய் நகரும். ஆனைமலை, பழனிமலை, மூணாற்றைச் சூழ்ந்த உயர்ந்த மலைகள், இவைதான் அதன் உலகம். வேறு எந்தத் தேசத்திலும் அது இல்லை. பெடோம் என்ற ஆங்கிலேயர் 1878-ம் ஆண்டில் அதைப் பற்றி முதன்முதலில் எழுதி, ஆனைமலையின் பெயரையே அதற்கு வைத்தார். சென்னை மாகாணத்து வன இலாகாவில் பெரிய உத்தியோகத்திலிருந்தவர் அவர். நம் மலைகளின் பாம்பு பல்லிகளில் அநேகம் அவர் கையால்தான் சாஸ்திர உலகத்துக்கு அறிமுகமாயின.

அவர் மிகவும் ஆசையாய்த் தேடியவற்றில் கேடயவால் பாம்புகள் என்ற ஒரு வகையுண்டு. தோட்ட வேலை செய்கிறவர்கள் மண்வெட்டியால் கொத்தும்போது பார்த்திருப்பீர்கள். வால் நுனியைச் சாய்த்து வெட்டிவிட்டதுபோல் மொண்ணையாய், சொரசொரப்பாய் இருக்கும். பாவம், விஷம் கிடையாது, கடிக்கவும் தெரியாது. ஈரமண்ணுக்குள் மண்புழுவைத் தின்று, முட்டையிடாமல் குட்டி போட்டு, யார் கண்ணிலும் படாமல் வாழ்கிறது. இந்தக் குடும்பம் முழுவதும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. அதிலும் ஒவ்வொரு மலைக்கும் தனித்தனி இனங்கள் உண்டு. திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்கென்றே ஓர் இனம் இருக்கிறது. சிறுமலைப் பாம்பு வெயில் தாங்கவில்லையென்று கீழே இறங்கிச் சமவெளியைக் கடந்து பழனிமலைக்குக் குடிபோக முடியுமா? முடியாது. இடையிலுள்ள காய்ந்த சமவெளி அதற்குச் செங்கடலைப் போன்றது. பிளந்து வழிவிட மோயீசனும் இல்லை.

இதை டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்கப் பிராணிநூல் வல்லுநர் 1967-ம் ஆண்டில் அழகாய் எடுத்துச் சொன்னார். குளிர்தேசத்துப் பிராணி வருஷத்தில் பனியையும் பார்க்கிறது, கோடையையும் பார்க்கிறது. ஆகையால் மலையேறினாலும் இறங்கினாலும் சமாளித்துக் கொள்ளும். வெப்ப மண்டலத்து மலைப் பிராணிக்கோ தை மாதமும் ஆடி மாதமும் பெரிய வித்தியாசமில்லை. தானிருக்கும் உயரத்தின் தட்பவெப்பம் ஒன்றே அதற்குத் தெரியும். ஆகையால் ஒரே உயரமுள்ள மலையானாலும் நம் நாட்டுப் பிராணிக்கு அது அதிக உயரமான மதில்!

இப்போது என்ன நடக்கிறது? நிலக்கரியும் எண்ணெயும் கணக்கில்லாமல் எரித்து மனிதர் விட்ட புகைக்காற்று பூமியின்மேல் போர்வை போல் மூடிக்கொண்டு சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. தொழிற்சாலைகள் பெருகுமுன் இருந்த நிலையைவிட 2024-ம் ஆண்டில் உலகத்தின் சராசரி வெப்பம் ஒன்றரை டிகிரிக்குமேல் ஏறியிருந்தது. ஒன்றரை டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். முன்னே சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரி கூடினால், பழைய குளிர்ச்சியைத் தேடிச் சுமார் நூற்றைம்பது மீட்டர் மேலே ஏற வேண்டும்.

அவை ஏறவும் செய்கின்றன. மடகாஸ்கர் தீவின் வடக்கே சாரத்தனானா என்ற மலையில் தவளை, பல்லி, பச்சோந்தி முதலிய 30 இனங்கள் எந்த உயரத்தில் வசிக்கின்றன என்று 1993-லும், மறுபடியும் 2003-லும் ஆராய்ந்தார்கள். பத்து வருஷத்துக்குள் அவை சராசரியாய் 19 முதல் 51 மீட்டர் வரை மேலே போயிருந்தன. ஏறுகிறவரையில் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு மலைக்கும் ஓர் உச்சி உண்டே! ஏற ஏற மலை குறுகும், இடம் சுருங்கும். தென்னாட்டில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடிக்கு மேல் வேறு மலையில்லை. உச்சிக்கு ஏறிவிட்ட ஓணான் அப்புறம் எங்கே போகும்?

வெயிலில் சுருண்டு விழுந்துதான் அவை சாகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். சாவு அவ்வளவு வெளிப்படையாய் வருவதில்லை. மெக்சிகோ தேசத்தில் 48 வகை ஓணான்கள் இருந்த 200 இடங்களை சினெர்வோ என்பவரும் அவருடைய தோழர்களும் மறுபடி போய்ப் பார்த்து 2010-ம் ஆண்டில் எழுதினார்கள். 1975-க்குப் பின் நூற்றுக்குப் பன்னிரண்டு இடங்களில் ஓணான் அற்றுப்போயிருந்தது. காடு அப்படியே இருக்கிறது. ஓணான் மாத்திரம் இல்லை. காரணம் இதுதான். முட்டைக்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டிய மாதங்களில் வெயில் மிஞ்சிவிட்டது. தாய் ஓணான் நிழலை விட்டு வெளியே வர முடியாமல் பொந்திலேயே கிடந்தது. கிடந்த நேரமெல்லாம் பட்டினி. பட்டினி கிடந்தவள் எப்படி முட்டையிடுவாள்? ஒரு வருஷம் குஞ்சு குறைந்தது, மறு வருஷமும் குறைந்தது, பின்பு ஒன்றுமில்லை. சித்திரை வைகாசியில் வெயிலுக்குப் பயந்து வேலைக்குப் போகாமல் கூலியில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் நான் விளக்காமலே புரியும்.

2022-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், உலகத்திலுள்ள ஊர்வனவற்றில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைப் பரிசீலித்து, நூற்றுக்கு இருபத்தொன்று அற்றுப்போகும் அபாயத்தில் இருப்பதாகக் கண்டார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அதற்கு முதற் காரணம் வெப்பமன்று, காட்டை வெட்டுவதும், காட்டை வயலாக்குவதும்தான். ஏற்கெனவே சுமையால் தள்ளாடுகிறவன் தலையில் வெப்பம் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறது.

"சாமி, மனிதருக்கே வழியில்லாதபோது ஓணானைப் பற்றி அழுவானேன்?" இந்தக் கேள்வியை நான் அலட்சியம் பண்ண மாட்டேன். 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி, தபசுகாலத்து ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி மலைச் சரிவில் காய்ந்த புல்லில் தீப்பிடித்து, மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். அநேகர் இளம் பெண்கள். அந்த இரவை நம் ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்த ஆத்துமங்களுக்காக இன்றும் நாம் ஜெபிக்கிறோம். அவர்களையும் அந்தத் தீயில் வெந்த பல்லிகளையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. மனிதனுக்கு அழியாத ஆத்துமம் உண்டு. அவனுக்காகச் சேசுநாதர் இரத்தம் சிந்தினார்.

ஆனால் அதே சத்தியத்தை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். நமக்கு இந்த உலகம் போனாலும் மோட்சம் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஓணானுக்கு என்ன இருக்கிறது? இந்த மலையும், இந்தச் சோலையும், இந்தக் குளிர்ந்த கிளையும் தவிர அதற்குச் சர்வேசுரன் வேறொன்றும் வாக்குக் கொடுத்ததாய் நாம் படிக்கவில்லை. இரண்டு வீடு உள்ளவன் ஒரே வீடு உள்ளவனுடைய கூரையைப் பிடுங்கலாமா? அர்ச். தோமாஸ் அக்குவீனார் போதிப்பது என்னவென்றால், சர்வேசுரனுடைய நன்மைத்தனத்தை ஒரே சிருஷ்டி முழுவதும் காட்ட முடியாதாகையால்தான் அவர் பலவகைச் சிருஷ்டிகளை உண்டாக்கினார். ஒன்றில் குறைந்ததை மற்றொன்று நிரப்புகிறது. அப்படியானால் சிறுமலைப் பாம்பு ஒன்று அற்றுப்போனால், சர்வேசுரனைப் பற்றி அது மாத்திரம் சொல்லக் கூடியதாயிருந்த ஒரு வார்த்தை உலகத்திலிருந்து அழிக்கப்பட்டுப் போகிறது. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ம் ஆண்டில் எழுதிய நிருபத்தில் இதே துக்கத்தைத்தான் வெளியிட்டார்.

ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம்மவர் பழமொழி சொல்லுவார்கள். கேலியாய்ச் சொல்வதுதான். ஆனால் நம் மலையில் இது கேலியாயில்லை. 2024-ம் ஆண்டுக் கோடையை நினைத்துப் பாருங்கள். மழை தவறி வெயில் காய்ந்ததில் இடுக்கி மாவட்டத்தில் ஏலச் செடிகள் தோட்டம் தோட்டமாய்க் கருகிப் போயின. பச்சை வலை கட்டி நிழல் உண்டாக்கப் பார்த்தவர்களும் உண்டு. மலையில் வேலையில்லையென்று ஜீப்புகள் சும்மா நின்றால் நம் ஊர்க் கடைத்தெருவில் யாருக்கு வியாபாரம்? ஏலச் செடி காட்டு மரத்தின் நிழலில், ஈரச் சருகில், மிதமான குளிரில் வாழப் பிறந்தது. ஓணான் கேட்பதும் அதுவே. கேடயவால் பாம்பு கேட்பதும் அதுவே. ஒரே நிழலை நம்பி மூவர் இருக்கிறார்கள். நான்காவது ஆள் நீங்கள். அந்த நிழலில் ஓணான் இல்லாமற் போயிற்றென்றால், ஏலத்துக்கும் நாள் நெருங்குகிறது என்பதற்கு அது சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது என்று நான் எண்ணுகிறேன்.

பூமியைச் சூடாக்கிய குற்றம் ஜீப்பில் தொங்கிப் போகும் கூலிப் பெண்ணின் தலையில் இல்லை. பெரிய தேசங்களும் பெரிய முதலாளிகளும் அதற்குச் சர்வேசுரன் முன் கணக்குச் சொல்லுவார்கள். அவர்களுக்கு என் பிரசங்கம் எட்டாது. உங்களுக்கு எட்டுகிறதை உங்களிடம் சொல்லுகிறேன்.

தோட்டம் வைத்திருப்பவர்களே, காய் கூடப் பிடிக்குமென்று நிழல் மரத்தை மொட்டையடிக்கிறீர்கள். கிளை கழிக்க வேண்டியதுதான். ஆனால் கழிப்பது வேறு, வெட்டித் தள்ளுவது வேறு. மூடியிருந்த இடத்தில் திடீரென்று வெயில் இறங்கினால், நூறு மீட்டர் கீழே இறக்கிவிட்டது போலத்தான் அந்த மண்ணிலுள்ள ஜீவன்களுக்கு. வழக்கமான தேதி வந்துவிட்டதென்று மருந்தடிக்கிறீர்கள். பூச்சி இருக்கிறதா என்று பார்த்து அடிக்கிறவர் எத்தனை பேர்? அந்த மருந்து மண்புழுவையும், மண்புழுவைத் தின்பதையும் தொடும். முதுகில் டிரம்மைச் சுமந்து அடிக்கிற மனிதனையும் தொடும். அது தனியாய் ஒரு பிரசங்கத்துக்குரிய விஷயம். மலையில் ஆடு மாடு மேய்க்கிறவர்கள் புதுப்புல் வேண்டுமென்று காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைப்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விஷயமாக எண்ண வேண்டும். குரங்கணிக்குப் பின்னும் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே!

காய் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலச்சரம் செடியின் அடியில் தரையோடு படர்ந்து கிடக்கிறது. நீங்கள் குனிந்து கையை உள்ளே விட வேண்டியிருக்கிறது. பச்சைக் குழிவிரியன் படுத்திருப்பதும் அங்கேதான். அது விஷமுள்ளது, அதைத் தடவிக் கொடுக்கச் சொல்ல நான் பைத்தியக்காரனல்ல. கையை விடுமுன் ஒரு கோலால் இலையைத் தட்டுங்கள். கண்டால் விலகி அடுத்த செடிக்குப் போங்கள். மேஸ்திரி அதற்காகக் கோபித்தால் என்னிடம் சொல்லுங்கள். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் மந்திரம், வேர், கட்டு என்று பொழுதைப் போக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அடித்துக் கொல்லப் போகிறவர் கடிபடுவதும் உண்டு.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் சுருக்கு வைத்து ஓணான் பிடித்தால் "சும்மாதான்" என்று விட்டுவிடாதீர்கள். காரணமில்லாமல் ஒரு ஜீவனை வதைத்துப் பழகிய கை பின்பு எங்கே நிற்கும்? அந்தப் பையனை நான் அடிக்கவில்லை. சுருக்கை அவனையே அவிழ்க்கச் சொன்னேன். கழுத்தில் ஈர்க்கு இறுகியிருந்ததால் நேரமாயிற்று. அவன் கை நடுங்கியது. அதுவரை அவன் ஓணானின் கண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை போலும்.

அக்டோபர் 4-ந் தேதி அர்ச். பிரான்சிஸ் அசீசியார் திருநாள். சுற்றுச் சூழலைக் காப்போருக்கு அவரைப் பாதுகாவலராக 1979-ம் ஆண்டில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் நியமித்தார். அன்று காலைப் பூசையை மலையின் சகல ஜீவன்களுக்காகவும், மலையில் உழைக்கிறவர்களுக்காகவும் ஒப்புக்கொடுப்போம். பூசை முடிந்ததும் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தார் கோவில் மண்டபத்தில் அரை மணி நேரம் இருந்து போகும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் எந்தெந்த மரத்தில் எவ்வளவு கிளை கழிப்பது, வெட்டுப்பட்ட இடத்தில் எந்தக் காட்டுமரக் கன்று நடுவது என்று கலந்து பேசுவோம். காப்பி உண்டு.